எழுத்துக்கு ஒரு சொந்த முகவரி

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபி குடித்துவிட்டு வெளியே வந்தபோது, தாராவி அண்ணாச்சி ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வயது எழுபத்தைந்து இருக்கும். 1968-ல் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். தோல் கிட்டங்கி ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

துணிப்பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். 1971 முதல் ஊருக்கு அனுப்பிய மணியார்டர்களின் கணக்கு அது. தேதி, தொகை, யாருக்கு என்ற விவரம். அதன் பக்கத்தில் ஒன்றிரண்டு வரிகள். ஓரிடத்தில், "மழை. வண்டி நின்றுவிட்டது. தாதரிலிருந்து நடை." இன்னோரிடத்தில், "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கடன் வாங்கி அனுப்பியது." இப்படியே பக்கம் பக்கமாக.

"தம்பி, இத எங்கயாவது பத்திரமாப் போட்டு வைக்கணும். பேரன் ஃபேஸ்புக்குல போடுங்க தாத்தான்னு சொல்லுதான். போட்டேன். நாலு பேரு கும்பிடு போட்டான். மறுவாரம் நானே தேடுதேன், கிடைக்க மாட்டேங்கு" என்றார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு வேண்டியது பிளாக்" என்றேன்.

"பிளாக்கா? அரோரா தியேட்டர் வாசல்ல டிக்கெட் வித்தானே, அதா?" என்று கேட்டார்.

அது வேறு பிளாக். இந்த பிளாக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அண்ணாச்சியைப் போல நோட்டை வைத்துக்கொண்டு இடம் தேடுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வலைப்பூ என்பது என்ன?

இன்டர்நெட்டில் உங்கள் பெயரில் உள்ள ஒரு குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் தேதியோடு வெளியாகிவிடும். புதிதாக எழுதியது மேலே நிற்கும். பழையது கீழே போகும், ஆனால் காணாமல் போகாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி முகவரி உண்டு. அந்த முகவரியை யாருக்கு அனுப்பினாலும் பத்து வருடம் கழித்தும் அதே கட்டுரை திறக்கும். கூகுளில் தேடுகிறவர்களுக்கும் கிடைக்கும்.

ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதுவது லோக்கல் ரயிலில் பேசுவதைப் போன்றது. அந்த நேரத்துக்குச் சுவையாக இருக்கும். ஸ்டேஷன் வந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள்.

'வெப்லாக்' என்ற சொல் அமெரிக்காவில் 1997-ல் பிறந்தது. 1999-ல் அதைச் சுருக்கி 'பிளாக்' என்றார்கள். அதே 1999-ல் பைரா லாப்ஸ் என்ற சிறிய கம்பெனி 'பிளாக்கர்' என்ற இலவச வசதியைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் மொழி தெரியாதவர்களும் எழுதலாம் என்ற நிலை வந்தது. 2003 பிப்ரவரியில் அதைக் கூகுள் வாங்கியது. அந்த ஆண்டு மே மாதம் 'வேர்ட்பிரஸ்' வெளிவந்தது.

தமிழர்களும் பின்தங்கிவிடவில்லை. 2003 வாக்கிலேயே தமிழில் பிளாக்குகள் தோன்றின. 'வலைப்பூ', 'வலைப்பதிவு' என்று நம்மவர்கள் பெயர் சூட்டினார்கள். 2004-ல் 'தமிழ்மணம்' என்ற திரட்டி வந்தது. யார் எங்கே புதிதாக எழுதினாலும் அதன் தலைப்பு அங்கே வந்துவிடும். துபாயில் இருந்தவரும் டொராண்டோவில் இருந்தவரும் அங்கே சந்தித்துக்கொண்டார்கள். சண்டையும் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சந்தடி இன்று இல்லை. பெரும்பாலோர் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். ஆனால் அவர்களில் பலர் அன்று வலைப்பூவில் எழுதியது இன்றும் தேடினால் கிடைக்கிறது. ஃபேஸ்புக்கில் சென்ற வருடம் எழுதியதை அவர்களாலேயே எடுக்க முடியவில்லை!

மும்பைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2004 டிசம்பர் சுனாமியின்போது, மும்பைக்காரர்கள் சிலர் உள்படப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து பிளாக்ஸ்பாட்டில் ஒரு வலைப்பூ தொடங்கினார்கள். காணாமல் போனவர்கள் விவரம், உதவி தேவைப்படும் இடங்கள், தொண்டர்களின் தொடர்பு எல்லாம் அதில் வந்தன. உலகம் முழுவதும் அதைப் படித்தார்கள்.

நான் இழந்தது

இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இவ்வளவு யோசனை எதற்கு, இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் எழுதிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் தகப்பனார் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். அவர் சொன்ன கதைகளை, அவர் காலமான பிறகு ஓர் இலவசத் தளத்தில் எழுதி வந்தேன். நாலு வருடத்தில் அறுபது கட்டுரை சேர்ந்தது. பிறகு வேலை, வீடு மாற்றம் என்று அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் திறந்து பார்த்தால் தளமே இல்லை. கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. 'இந்தத் தேதிக்குள் உங்கள் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அது நான் திறப்பதையே விட்டுவிட்ட பழைய ஈ-மெயில் முகவரிக்குப் போயிருக்கிறது. குற்றம் பாதி என்னுடையது.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் 'வேபேக் மெஷின்' என்ற பொது நூலகம் ஒன்று உண்டு. அங்கே போய்த் தேடினேன். முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. கட்டுரைகள் இல்லை. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஆபீஸ் பிரிண்டரில் அச்சடித்து வைத்திருந்த பதினொரு கட்டுரைகள்தான் மிச்சம். நாற்பத்தொன்பது போயின. தகப்பனாரை மறுபடி கேட்க முடியாது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் அமெரிக்காவில் மூடப்பட்டது. போஸ்டரஸ் 2013 ஏப்ரல் 30-ல் மூடப்பட்டது. 2003-ல் தொடங்கிக் கட்டணம் வாங்கியே நடந்து வந்த டைப்பேட் கூட 2025 செப்டம்பர் 30-ந் தேதியோடு நின்றது. பணம் கொடுத்தால் பத்திரம் என்பதும் நிச்சயமில்லை.

ஆகவே இடம் தேடும்போது, 'பார்க்க அழகாக இருக்கிறதா' என்பதை முதலில் கேட்காதீர்கள். 'காலி செய்ய நேர்ந்தால் என் சாமான்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா' என்று கேளுங்கள். மும்பையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்த இடம்?

பிளாக்கர்: இது கம்பெனி குவார்ட்டர்ஸ் மாதிரி. வாடகை இல்லை. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், கால் மணி நேரத்தில் வலைப்பூ தயார். பெயருக்குப் பின்னால் 'பிளாக்ஸ்பாட் டாட் காம்' என்று முகவரி வரும். நீங்களாகச் சேர்த்தால் ஒழிய விளம்பரம் வராது. அலங்காரம் குறைவு, புதிய வசதிகளும் அதிகம் வருவதில்லை. ஆனால் செட்டிங்ஸில் 'பேக் அப்' என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இதுவரை எழுதியது முழுவதும் ஒரே ஃபைலாக உங்கள் கைக்கு வந்துவிடும். வேர்ட்பிரஸ் போன்ற இடங்கள் அந்த ஃபைலை ஏற்றுக்கொள்ளும். அதாவது, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னாலும் பீரோவையும் கட்டிலையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வருடம் தொடப்படாத கணக்குகளை நீக்கும் திட்டத்தைக் கூகுள் 2023-ல் அறிவித்தது. எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

வேர்ட்பிரஸ்: இந்தப் பெயரில் இரண்டு உண்டு. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அவர்களே நடத்தும் தளம். இலவசமாகவும் தங்கலாம். ஆனால் இலவசத்தில் அவர்கள் விளம்பரம் போடுவார்கள், படங்களுக்கு இடம் குறைவு, சொந்தப் பெயர் வைக்கக் கட்டணம் கட்ட வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் மட்டுமே. அதை நிறுவ நீங்கள் வேறொரு கம்பெனியிடம் வருடக் கட்டணத்துக்கு இடம் வாங்க வேண்டும். இதுதான் சொந்த ஃபிளாட். எல்லாம் உங்கள் இஷ்டம். ஆனால் சொசைட்டி மெயின்டெனன்ஸ் மாதிரி வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். பூட்டு பழுதானால் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் திருடர்கள் நுழைந்துவிடுவார்கள். முதல் வருடத்திலேயே இதில் இறங்கச் சொல்லமாட்டேன்.

மீடியம் என்ற தளம் 2012-ல் வந்தது. பிளாக்கரைத் தொடங்கியவர்களில் ஒருவரான இவான் வில்லியம்ஸ் ஆரம்பித்தது. பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் சந்தா கட்டியவர்களை நம்பி நடப்பது. ஆங்கிலம்தான் அங்கே ஓடுகிறது. தமிழ் எழுத்துக்கு வாசகர் கிடைப்பது கடினம். 2017-ல் வந்த சப்ஸ்டாக், நீங்கள் எழுதியதைச் சந்தாதாரர்களின் ஈ-மெயிலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். வாரம் தவறாமல் எழுதக் கூடியவர்களுக்கு நல்லது. நம் ஆட்களோ ஈ-மெயிலைச் சம்பளச் சீட்டு பார்க்கத்தான் திறக்கிறார்கள்!

என் அபிப்பிராயம் இது. குமாஸ்தாவோ தொழிலாளியோ, முதல் முறை எழுத வருகிறவருக்குப் பிளாக்கர் போதும். ஒரு வருடம் எழுதி, விடமாட்டோம் என்று தெரிந்த பிறகு சொந்தப் பெயர் ஒன்றை வாங்குங்கள். 'டாட் இன்' முகவரிகள் வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கின்றன. அதைப் பிளாக்கரோடு இணைத்துவிடலாம். நாளைக்குப் பிளாக்கரை விட்டு வேறு இடம் போனாலும் வாசல் பலகை உங்களுடையதாகவே இருக்கும்.

ஆனால் அந்தப் பெயரை வருடா வருடம் புதுப்பிக்க மறக்கக் கூடாது. மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கூகுளே உதாரணம். 2012 முதல் சில வருடங்கள் இந்தியாவில் பிளாக்கர் வலைப்பூக்கள் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற முகவரியில் திறந்தன. 2020-ல் அந்த 'டாட் இன்' பெயர் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. அந்த முகவரியைக் கொடுத்து வைத்திருந்த எத்தனையோ இணைப்புகள் செத்துப் போயின. பழைய வலைப்பூவைத் தேடிப் போய் ஏமாந்தவர்கள், 'இன்' என்பதை எடுத்துவிட்டு 'காம்' என்று போட்டுப் பாருங்கள்.

சர்க்கார் உத்தரவு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2006 ஜூலையில் மும்பை ரயில்களில் குண்டு வெடித்த சில நாட்களில், குறிப்பிட்ட சில பக்கங்களைத் தடுக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இன்டர்நெட் கம்பெனிகளோ தனிப் பக்கத்தைத் தடுக்கத் தெரியாமல் பிளாக்ஸ்பாட் முழுவதையும் அடைத்துவிட்டன. சில நாள் கழித்துத்தான் திறந்தது. எழுதியதன் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் எழுதுவது எப்படி?

இருபது வருடத்துக்கு முன் இது பெரிய தலைவலி. ஆளுக்கொரு ஃபான்ட். ஒருவர் எழுதியது இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோட் பரவிய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது.

செல்போனில் ஜிபோர்டு, செல்லினம் போன்ற விசைப்பலகைகள் இலவசம். 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும். கல்யாண் லோக்கலில் உட்கார இடம் கிடைத்தால் தாணே வருவதற்குள் ஒரு பத்தி எழுதிவிடலாம். தட்டவே வராதவர்கள் பேசலாம். 2017 முதல் கூகுளின் குரல் தட்டச்சில் தமிழும் உண்டு. நம் நெல்லைப் பேச்சு அதற்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. 'மாட்டேங்கு' என்றால் திருதிரு என்று விழிக்கிறது. செந்தமிழில் நிதானமாகச் சொன்னால் எழுதிக்கொள்கிறது.

அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு இங்கே வந்து ஆங்கிலமே தட்டிக்கொண்டிருக்கும் குமாஸ்தாக்களுக்கு ஒரு நல்ல செய்தி. கம்ப்யூட்டரில் என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் விசை வரிசையே இருக்கிறது. விரல்கள் மறந்திருக்காது.

"பேரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே, தம்பி" என்றார் அண்ணாச்சி. மும்பையில் பல வீடுகளில் இதே நிலைதான். ஆனால் யூனிகோடில் எழுதி வைத்தால் செல்போன் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டும். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்தும் கொடுக்கும். மொழிபெயர்ப்பு அரைகுறையாகத்தான் இருக்கும். நோட்டில் பூட்டி வைத்தால் அந்த அரைகுறையும் கிடையாது.

உத்தியோகத்தில் இருப்பவர்கள் கவனத்துக்கு

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ம் வருட நடத்தை விதிகள் உண்டு. ரயில்வேக்கு 1966-ம் வருட விதிகள். கதை, கவிதை, ஊர் நினைவு எழுதுவதில் தடை இல்லை. எழுதும்போது 'இவை என் சொந்தக் கருத்துகள், அரசின் கருத்துகள் அல்ல' என்று தெரியும்படி போட வேண்டும். ஆனால் அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ கண்டித்து எழுதக் கூடாது என்கிறது மத்திய அரசு விதிகளின் 9-வது விதி. புனைபெயரில் எழுதினாலும், பெயரே போடாமல் எழுதினாலும் இது பொருந்தும் என்று அந்த விதியே சொல்கிறது. 'புனைபெயர் வைத்துக்கொண்டேன், பயமில்லை' என்று இருக்க வேண்டாம். ஆபீஸ் ஃபைலில் பார்த்ததை எழுதுவதும் ஆபத்து. தனியார் கம்பெனிகளில் வேலைக்கான உத்தரவிலேயே இப்படி ஒரு வரி இருக்கும். ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

2012-ல் பால்கரில் இரண்டு பெண்கள் ஒரு ஃபேஸ்புக் குறிப்புக்காகக் கைது செய்யப்பட்டது நினைவிருக்கலாம். அதைத் தொடர்ந்த வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. அதனால் எதையும் எழுதலாம் என்று அர்த்தமில்லை. அவதூறு இன்னும் குற்றம்தான். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் கடன் விவகாரத்தைப் பெயர் போட்டு எழுதாதீர்கள்.

பணம் வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். தினம் ஐம்பது பேர் படிக்கும் வலைப்பூவுக்கு அந்த நூறு டாலர் எப்போது சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரசு ஊழியராக இருந்தால் அதற்கும் முதலில் ஆபீஸில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சியின் வலைப்பூ

அன்று மாலையே தாராவிக்குப் போனேன். அங்கே சந்துகளில் வீட்டுக்கு வீடு மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு பற்றித்தான் பேச்சு. 2024-ல் தொடங்கிய கணக்கெடுப்பு அது. அண்ணாச்சி வீட்டுக் கதவிலும் எண் எழுதியிருந்தது. எந்தச் சந்து இருக்கும், எது போகும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அவருடைய நோட்டில் அந்தச் சந்தின் பழைய பெயர் இருக்கிறது. குழாயடி எங்கே இருந்தது, யார் கடையில் அரிசி கடன் கிடைத்தது என்பதெல்லாம் இருக்கிறது.

அவருடைய செல்போனிலேயே பிளாக்கரைத் திறந்தோம். சொந்த ஊர்ப் பெயரை முகவரியாகக் கேட்டார். அதை ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள். கடைசியில் ஊர்ப் பெயரோடு 1968-ஐச் சேர்த்ததும் கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் வருடத்தையே லேபிளாகப் போடச் சொன்னேன். 1971 என்று தட்டினால் அந்த வருடத்து மணியார்டர்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்து அதையும் கீழே சேர்த்தோம். மாதம் முதல் தேதியன்று பேக் அப் எடுத்துப் பேரனுடைய பென் டிரைவில் போடுவது என்று முடிவாயிற்று. எடுக்கத் தவறினால் சம்பளத்தன்று கிடைக்கும் அல்வா கிடையாது என்று பேரனிடம் சொல்லி வைத்தார்.

முதல் பதிவு மூன்று வரி. 1971 மார்ச், அம்மாவுக்கு 30 ரூபாய், கமிஷன் தனி. அதற்குக் கீழே குரலில் சொல்லி நாலு வரி சேர்த்தார். போன் தப்பாக எழுதிய இரண்டு சொற்களைப் பேத்தி திருத்திக் கொடுத்தாள். 'பப்ளிஷ்' பொத்தானை அவரே அழுத்தினார்.

பிறகு நோட்டின் பின் அட்டையில் அந்த முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஊரிலிருக்கும் தங்கைக்குப் போன் போட்டு, ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கத் தொடங்கினார்.